பேர் பதிந்தவருக்கு மருந்து: பெருந்தோட்ட மக்களின் வைத்திய உரிமை பற்றி

இந்தியத் தோட்டத் தொழிலாளர் தொடர்பான 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில், தொழிலாளி என்பவர் யார் என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் உண்டு. தோட்டப் பதிவேட்டில் பேர் உள்ள, பொதுவாக இந்தியக் கூலிகள் என்று அறியப்படும் தொழிலாளரும் கங்காணிமாரும் என்று அது சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. 'துலிக்கன்' எனப்படும் முகம்மதியரும் இதில் அடங்குவர் என்று சட்டத்தை வரைந்தவர் சேர்த்திருக்கிறார். நமக்கு நன்கு தெரிந்த அந்தப் பழைய வசைச்சொல், ஆங்கிலேயரின் காதில் விழுந்து, எழுத்துப் பிழையோடு சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. இந்திய முஸ்லிம்கள் என்றால் கரையோரச் சோனகர், சம்மாங்காரர், கண்டியிலும் கொழும்பிலும் கடை போட்டவர்கள் என்றுதான் நாம் எழுதி வந்திருக்கிறோம். கங்காணியின் பின்னால் காடு கடந்து நடந்து, கொத்துப் பிடித்தவர்களிலும் முஸ்லிம்கள் இருந்தார்கள் என்பதை இந்த ஒரு வரி காட்டிவிடுகிறது. அவர்கள் எங்கே போனார்கள் என்று யாராவது தேடினால் நல்லது.

ஆனால் இக்கட்டுரைக்கு வேண்டியது அந்தச் சொல் அல்ல. அதற்கு முன்னால் உள்ள 'பதிவேட்டில் பேர் உள்ள' என்ற தொடர். பிறந்த ஊரைவிட்டு வேற்று நாட்டிலே உழைக்கப் போனவன் நோயில் விழுந்தால் அவனுக்கு மருந்து கொடுப்பது யார் கடமை? அவன் நாட்டரசா, போன இடத்து அரசா, வேலை வாங்குகிற முதலாளியா? இன்று நமது கிராமங்களில் வீட்டுக்கொருவர் வளைகுடாவில் இருப்பதால் இது நமது கேள்வியாகவும் ஆகிவிட்டது. இலங்கை இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னரே ஒரு விடை சொல்லிற்று. முதலாளி என்பதுதான் அந்த விடை. யார் பேர் பதிவேட்டில் இருக்கிறதோ அவருக்கு மருந்து. அந்த விடையினால் உயிர் தப்பியவர்களும் உண்டு. அந்த விடையே பின்னர் கழுத்தைச் சுற்றிய கயிறானவர்களும் உண்டு.

கோப்பிக் காலத்து நடையிலிருந்து தொடங்குவோம். 1830களில் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வள்ளத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று நூறு மைலுக்கும் மேல் நடை. தண்ணீரில்லாத பிரதேசம். வாந்திபேதி வந்தால் கூட்டத்தோடு போனது. விழுந்தவனுக்காகக் கூட்டம் நிற்பதில்லை. நின்றால் நிற்பவர்களுக்கும் சோறில்லை. 1841 முதல் 1848 வரை வந்தவர்களில் நான்கில் ஒரு பங்கினர், எழுபதாயிரம் பேரளவில் மாண்டிருப்பர் என்று அக்காலக் கொழும்புப் பத்திரிகையொன்று கணித்தது. வந்தவர் தொகையிலிருந்து திரும்பியவர் தொகையைக் கழித்துப் போட்ட கணக்கு அது. கணக்கில் படாமல் திரும்பியவர்களும் உண்டென்று பிற்கால ஆய்வாளர் சிலர் அதனை மறுத்தனர். தொகை எதுவானாலும் அந்தப் பாதையில் மரணம் வழக்கமான வழிப்போக்கனாக இருந்தது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 2023இல், மலையக மக்களின் இருநூறு வருட நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பல நூறு பேர் மறுபடியும் அந்த வழியே நடந்தார்கள்.

அந்த நாளில் நோயாளிக்குச் சட்டப்படி யாரும் பொறுப்பில்லை. தோட்டத்துத் துரைக்கு நோயாளி நட்டம்; கங்காணிக்கு அவன் திரும்பாத கடன். ஆகவே நடக்க முடியாதவர்களைத் தெருவுக்கு அனுப்பிவிடும் வழக்கம் இருந்தது. கண்டித் தெருக்களில் கிடந்த நோயாளிகளைத் தர்ம ஸ்தாபனங்களும் அரசாங்கமும் பொறுக்கி எடுத்துப் பராமரித்தன. இதற்குச் செலவு யாருடையது என்று அரசாங்கமும் தோட்டத் துரைமாரும் பல வருடம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இராணுவ வைத்தியத்திலிருந்து பிரிந்து சிவில் வைத்தியத் திணைக்களம் தனியாக அமைந்ததே 1858இல்தான். அதே வருடத்தில்தான் குடிவரும் தொழிலாளருக்கென ஓர் ஆணைக்குழுவும் சட்டத்தால் அமைந்தது. வட பாதையில் கிணறும் மடமும் சிறு ஆஸ்பத்திரியும் வரத் தொடங்கின. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், வேலையாள் நோயுற்றால் அவனுக்கு இருக்க இடமும் உணவும் வைத்தியமும் கொடுப்பது எசமானின் கடமை என்றது. ஆனால் அதே சட்டம்தான் வேலையை விட்டு ஓடுபவனைச் சிறைக்கு அனுப்பவும் வழி செய்தது. வைத்தியமும் விலங்கும் ஒரே தாளில் எழுதப்பட்டன என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

இதற்குப் பின்னர் வந்ததுதான் இந்த வரலாற்றின் மையம்: 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம். கொழும்பு வைத்தியக் கல்லூரி திறந்து இரண்டு வருடங்களே ஆகியிருந்தன. நாட்டின் பெரும்பாலான கிராமங்களில் அரசாங்க வைத்தியரின் முகத்தை மக்கள் கண்டதில்லை. அப்படியொரு காலத்தில், கோப்பிப் பிரதேசங்களை வைத்திய மாவட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வைத்தியரும் ஆஸ்பத்திரியும் வேண்டும், அதற்குத் தோட்டங்கள் வரி கட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. வேறு வகையாகச் சொன்னால், இந்த நாட்டிலே சாதாரண மனிதன் ஒருவனுக்கு மேலைத்தேய வைத்தியம் பெறச் சட்டம் ஓர் உரித்தைக் கொடுத்ததென்றால், அதனை முதலில் பெற்றவர்களில் வெளிநாட்டிலிருந்து வந்த தோட்டக் கூலியும் இருக்கிறான். கிராமத்துச் சிங்களவருக்கும், மட்டக்களப்புச் சோனகருக்கும், யாழ்ப்பாணத்துத் தமிழருக்கும் அப்படியொரு சட்டம் அன்று இருக்கவில்லை.

இதைக் கேட்டு வெள்ளைக்காரனின் தருமம் என்று மெச்ச வேண்டியதில்லை. கடல் கடந்து ஆளைக் கொண்டுவரக் காசு செலவாகிறது. அந்த ஆள் மூன்றாம் மாதம் சாகாமலிருப்பது இலாபம். மாடு வளர்ப்பவனும் வைத்தியம் பார்க்கத்தான் செய்கிறான். ஆனால் நோக்கம் எதுவானாலும் சட்டம் சட்டம்தான். எழுதப்பட்ட கடமையைப் பின்னர் எடுத்துக் காட்டி வாதிடலாம். தருமத்தை அப்படிக் காட்டி வாதிட முடியாது.

நடைமுறை என்னவாயிற்று? துரைமாரின் குழுக்களிடம் நிர்வாகத்தை ஒப்படைத்ததால் சட்டம் நொண்டிற்று. ஆஸ்பத்திரிக்கு ஆளை அனுப்பினால் தோட்டம் நாட்கணக்குக்குப் பணம் கட்ட வேண்டும். எனவே கடைசி வரை லயத்திலேயே வைத்திருந்து, இனித் தேறமாட்டான் என்றான பின் தூக்கி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் பெருந்தொகையாகச் செத்தார்கள். அதனால் ஆஸ்பத்திரி என்றால் சாகப் போகும் இடம் என்று தொழிலாளரும் பயந்தார்கள். பயந்ததால் இன்னும் பிந்தி வந்தார்கள். பிந்தி வந்ததால் இன்னும் செத்தார்கள். 1875இல் தலைமைச் சிவில் வைத்திய அதிகாரியாகப் பொறுப்பேற்ற கின்சி இந்த நிலை பற்றித் துரைமாரோடு நெடுங்காலம் மல்லுக்கட்டினார். 1880இல் புதிய சட்டம் வந்து பொறுப்பு அரசாங்கத்தின் கைக்கு மாறியது. சில வருடங்களில் பணத்துக்கும் வேறு வழி கண்டார்கள்: ஏற்றுமதியாகும் விளைபொருள் மீது ஒரு சிறு தீர்வை. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் விதிக்கப்பட்ட இந்தத் தீர்வையால்தான் தோட்டப்புற ஆஸ்பத்திரிகள் நடந்தன. தோட்டத்து மருந்து இலவச மருந்து என்று இன்றும் சிலர் எழுதுவதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். கொழுந்து பறித்தவளின் கொழுந்தே அவளுக்குரிய மருந்தின் விலையைக் கட்டியது.

ஆசிரியர் கலாசாலை விடுதியில் என்னோடிருந்த மலையக நண்பர் ஒருவர், தன் பாட்டி கடைசிவரை ஆஸ்பத்திரிக்கு வர மறுத்ததைச் சொல்வார். 'அங்க போனா ஆளு வராது, சேலதான் வரும்' என்பாராம் கிழவி. இது 1970களின் பேச்சு. நூறு வருடப் பயம் ஒரு வாக்கியத்தில் கிடந்தது.

1912இல் இரண்டு சட்டங்கள் வந்தன: 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும், தொழிலாளரிடையே பரவும் நோய்கள் பற்றிய 10ஆம் இலக்கச் சட்டமும். முதலாவதிலே தோட்டத்துத் துரையின் கடமைகள் வரிசையாகக் கூறப்பட்டுள்ளன. லயங்களையும் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருத்தல். தோட்டத்தில் யார் நோயாக இருக்கிறார்கள் என்று தானே அறிந்துகொள்ளுதல். வைத்திய அதிகாரி சொன்னால் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல். பாரதூரமான நோயோ விபத்தோ ஏற்பட்டால் வைத்தியரை அழைப்பித்தல். தோட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் இடமும் கொடுத்து, அந்த மாதத்தில் அவளை வேலைக்கு அழைக்காதிருத்தல். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தக்க பராமரிப்பும் போசாக்கும் கிடைக்கிறதா எனப் பார்த்தல். 1912இல் இப்படி எழுதியிருக்கிறார்கள். நாடு முழுவதற்குமான மகப்பேற்று நன்மைகள் சட்டம் வர இன்னும் இருபத்தேழு வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது; அது 1939இல் வந்தது.

தனக்கென வைத்தியரும் அங்கீகரிக்கப்பட்ட ஆஸ்பத்திரியும் வைத்திருக்கும் தோட்டங்களுக்குத் தீர்வையில் ஒரு பகுதி திருப்பிக் கொடுக்கப்பட்டது. பெரிய தோட்டங்கள் இதனைப் பயன்படுத்திக்கொண்டன. சிறியவை ஒரு மருந்தறையும் ஓர் அப்போதிக்கரியும் போதும் என்று இருந்துவிட்டன. தோட்டத்து மக்களுக்கு அவரே 'டொக்டர் ஐயா'. அவர் நல்லவராக அமைந்த தோட்டத்தில் மக்கள் அவரைத் தெய்வமாகக் கொண்டாடினார்கள். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் துரை. இன்றைக்கு ஆள் குறைவு, கொழுந்து நிறைய என்றால், காய்ச்சல்காரனுக்கு ஓய்வு எழுதிக் கொடுப்பது அவருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையே முதலாளி நிற்கும் முறையின் குறை இதுதான்.

குடலில் புழு வளர்ந்து இரத்தத்தைக் குடிக்கும் கொக்கிப்புழு நோய், லயங்களில் மிகப் பெரும்பாலானவர்களைப் பற்றியிருந்தது. ரொக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரப் பிரிவு 1916இல் மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் இதற்கெதிரான வேலையைத் தொடங்கியது. எண்ணெய் மருந்தைக் குடிக்கக் கொடுத்துப் புழுவை வெளியேற்றுவார்கள். மருந்து கொடுத்தால் புழு போகும்; மலசலகூடம் இல்லாவிட்டால் மறுபடி வரும். மலசலகூடம் கட்டுவது துரையின் செலவு. மருந்து கொடுக்க உடன்பட்ட துரைமார் குழி வெட்டத் தயங்கினார்கள். இந்த அனுபவம் அந்த வெளிநாட்டவர்களுக்கு ஒரு பாடமாயிற்று. நோயொன்றைத் துரத்துவதைவிட, மருத்துவிச்சியும் சுகாதாரப் பரிசோதகரும் வீடு வீடாகச் செல்லும் ஒரு நிலையான ஏற்பாடு வேண்டும் என்று அவர்களும் இலங்கை அதிகாரிகளும் கண்டுகொண்டார்கள். அதன் விளைவுதான் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு. பின்னர் நாடெங்கும் பரவி, உலகமே புகழும் நமது தாய்சேய் நலச் சேவைக்கு அதுவே வித்து. தோட்டத்திலே கற்ற பாடத்தின் பலன் கிராமத்துக்குப் போயிற்று. தோட்டத்துக்கு வர எழுபது வருடத்திற்கும் மேல் எடுத்தது.

நாட்டுக்குள் நுழைவதற்கும் ஒரு மருத்துவ வாசல் இருந்தது. பிளேக் அச்சத்தினால் 1890களின் இறுதியில் வட பாதை மூடப்பட்டது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், இங்கே போயர் கைதிகள் இருந்த றாகமவிலும் தடுப்பு முகாம்கள் நடந்தன. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பலும் வந்த பின்னர் மண்டபம் முகாம் அந்த வாசலாயிற்று. இந்திய மண்ணிலே இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. சில நாட்கள் தங்கவைத்து, துணியை அவித்து, அம்மைப்பால் குத்தி, பிற்காலத்தில் புழு மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள். வளைகுடாவுக்குப் போகுமுன் இரத்தமும் நெஞ்சுப் படமும் எடுத்து, 'தகுதி', 'தகுதியில்லை' என்று முத்திரை குத்தும் மருத்துவ நிலையங்களில் நமது பெண்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு மண்டபத்தைக் கற்பனை செய்வது கடினமல்ல. இத்தகைய சோதனை உள்ளே இருக்கும் நாட்டைக் காக்கிறது. வருபவனைக் காப்பது அதன் முதல் நோக்கமல்ல.

1920களில் இந்தியா தன் மக்களைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கியது. 1922இல் அங்கு குடிபெயர்வுச் சட்டம் வந்தது. 1923இல் கண்டியிலே இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் வந்தமர்ந்து, மரண வீதம், சிசு மரணம், லயங்களின் நிலை என்று ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். ஆட்களை அனுப்பும் நாடு தட்டிக் கேட்டால் ஏதாவது நடக்கும் என்பதற்கு இது அத்தாட்சி. அனுப்புவதை நிறுத்தி விடுவேன் என்று சொல்லும் பலம் இந்தியாவுக்கு இருந்தது. 1939 ஓகஸ்டில் அது உண்மையாகவே நிறுத்தியும் விட்டது. உழைப்பவர் அனுப்பும் பணத்தையே நம்பியிருக்கும் இன்றைய இலங்கையின் தூதரகங்களுக்கு அந்தத் துணிவு வருமா என்பது வேறு விடயம்.

1934-35 மலேரியாக் கொள்ளைநோய் ஒரு விசித்திரமான உண்மையை வெளிக்காட்டியது. ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் இறந்தார்கள். கேகாலை, குருநாகல் கிராமங்கள் சுடுகாடாயின. தோட்டங்கள் அவ்வளவு பாதிக்கப்படவில்லை. உயர்ந்த மலையில் நுளம்பு குறைவு என்பது ஒரு காரணம். தாழ்ந்த பிரதேசத் தோட்டங்களில்கூட, மருந்தறையும் கொயினாவும் கிழமைக்கிழமை அரிசியும் இருந்தது இன்னொரு காரணம். வாக்குரிமை பெற்று மூன்று வருடமேயான கிராமத்தான், தோட்டக் கூலிக்கு இருந்த மருந்தறை தனக்கில்லை என்று கண்டான். அரசாங்க சபை உறுப்பினர்களுக்கும் அது புரிந்தது. தொடர்ந்து வந்த பத்து வருடங்களில் கிராமிய ஆஸ்பத்திரிகள் எழுந்ததற்கும், 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் முற்றாக ஒழிந்ததற்கும் மலேரியாவும் வாக்குச்சீட்டும் சேர்ந்தே காரணம். 1971இல் வெளிநோயாளரிடம் இருபத்தைந்து சதம் வாங்கத் தொடங்கியதும், 1977இல் அதை நிறுத்தியதும் வாக்குச்சீட்டின் கணக்குத்தான்.

வாக்கினால் வளர்ந்த ஏற்பாடு வாக்கில்லாதவனைத் தேடி வராது. 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டமும், அடுத்த வருடத்துத் தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களின் வாக்கைப் பறித்தன. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜைகளாக ஏற்கப்பட்டவர்கள் ஒரு இலட்சத்து முப்பத்து நான்காயிரம் பேரளவில்தான். அச்சட்டத்தின் பெயரிலேயே பாகிஸ்தான் இருப்பதைக் கவனித்தால், நமது கரையோரச் சோனகரும் அதே வலையில் அகப்பட்டவர்கள் என்பது விளங்கும்.

பிரஜை அல்லாதவருக்கு மருந்து இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியின் படலையும் அவர்களுக்கு மூடப்படவில்லை. ஆனால் குடும்ப நல மருத்துவிச்சியின் பிரதேசத்தைப் படத்தில் கோடு போட்டுப் பிரித்தபோது, அந்தக் கோடு தோட்டத்தின் எல்லையோடு நின்றுவிட்டது. தோட்டத்தைத் தோட்டம் பார்த்துக்கொள்ளும். 1912ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே! ஒரு காலத்தில் முன்னே வைத்த சட்டம் இப்போது பின்னே தள்ளக் காரணமாயிற்று. நாட்டின் சிசு மரண வீதம் 1946இல் ஆயிரத்துக்கு 141 ஆக இருந்து பத்தாண்டுகளுக்குள் பாதியாகக் குறைந்தது. தோட்டத்தின் வீதம் அந்த வேகத்தில் இறங்கவில்லை. 1973-74 பஞ்சத்தில் லயங்களில் மக்கள் பட்டினியால் செத்தபோது அது மறுபடி மேலே ஏறிற்று.

இதே 1948இல் இங்கிலாந்தில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ஜூலை 5ஆம் திகதி அங்கே தேசிய சுகாதார சேவை தொடங்கியது. சந்தா கட்டினாயா என்றோ, எந்நாட்டுப் பிரஜை என்றோ அது கேட்கவில்லை. அங்கே குடியிருந்தால் போதும். முப்பது வருடம் நுவரெலியாவில் துரையாக இருந்து, இங்கிலாந்துக்கு ஒரு பவுண் சந்தாவும் கட்டாமல், ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய ஒருவர், போய்ச் சேர்ந்ததுமே இலவச வைத்தியத்துக்கு உரித்தாளி. அதே முப்பது வருடம் அவருடைய மலையில் கொழுந்து பறித்தவளுக்கு எந்த நாட்டிலும் அப்படியொரு கதவு திறக்கவில்லை. (வெளிநாட்டாரிடம் கட்டணம் அறவிடும் அதிகாரம் அங்கு 1949லேயே சட்டத்தில் ஏறினாலும் அதற்கான விதிகள் 1982இல்தான் வந்தன. இப்போது நிலைமை வேறு. 2015இல் குடிவருவோர் மீது வருடத்துக்கு 200 பவுண் சுகாதார மேலதிகக் கட்டணம் வந்து, 2024இல் அது 1,035 பவுணாயிற்று. சிறுவயதில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்து அங்கேயே கிழவர்களாகிப் போனவர்கள், கடதாசி இல்லையென்று ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தப்பட்ட செய்தி 2018இல் உலகறிந்தது.)

முதுமையில்தான் இந்த 'பேர் பதிந்தவருக்கு மருந்து' முறையின் கொடுமை முழுதாகத் தெரிகிறது. வேலையில் இருக்கும்வரை செக்றோலில் பேர். வயது வந்ததும் பேர் வெட்டப்படும். 1958இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் கையில் ஒரு தொகையைத் தந்தது. அது மாதாமாதம் வரும் ஓய்வூதியமல்ல. லயத்துக் காம்பராவிலே மகனோடோ மகளோடோ ஒதுங்கிக் கிடக்கும் கிழவன், தோட்டத்து மருந்தறைக்குப் போனால் யாருடைய கணக்கில் மருந்து வாங்குவது என்ற கேள்வி எழும். இரக்கமுள்ள டொக்டர் ஐயா கேளாமல் கொடுப்பார். மற்றவர் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார். நான் சொன்ன நண்பரின் தகப்பனார், தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கவ்வாத்து வெட்டியவர். பேர் வெட்டிய அடுத்த வருடம் நெஞ்சு வருத்தம் வந்தது. தோட்டத்து லொறி வேலையாட்களுக்குத்தான் என்றார்களாம். இரண்டு மைல் நடந்து பஸ் ஏறினார். 'இறங்கும்போது நடந்துட்டாரு, ஏறத்தான் முடியல' என்பார் நண்பர். அந்த ஏற்றத்தை நான் ஒரு முறை ஏறியிருக்கிறேன். வாலிப வயதிலேயே எனக்கு மூச்சு வாங்கியது.

1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மீதி 150,000 பேர் பிறகு பார்ப்பதற்கு. அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். சேமலாப நிதி, பணிக்கொடை முதலானவற்றை எடுத்துச் செல்லலாம் என்று ஒப்பந்தத்தில் உண்டு. நாற்பது வருடம் தேயிலைத் தீர்வையாகக் கட்டிய வைத்தியச் செலவின் பலனை எடுத்துச் செல்ல வழியில்லை. வழியே கிடையாத காரியமல்ல இது. ஐரோப்பிய நாடுகள் 1971இலேயே ஒரு விதி செய்தன. ஒரு நாட்டில் உழைத்து ஓய்வூதியம் பெறுபவர் மற்றொரு நாட்டில் போய்க் குடியிருந்தால், குடியிருக்கும் நாடு வைத்தியம் பார்க்கும். ஓய்வூதியம் கொடுக்கும் நாடு செலவை ஏற்கும். ஸ்பெயின் கடற்கரையில் வெயில் காயும் ஆங்கிலேயக் கிழவருக்கு இந்த ஏற்பாடு இருந்தது; பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னரும், 2020 முடிவதற்குள் குடியேறியவர்களின் உரிமை உடன்படிக்கையால் காக்கப்பட்டது. அங்கே உரிமை மனிதனோடு கூடவே பயணம் செய்கிறது. மண்டபத்தில் இறங்கி, நீலகிரிக்கும் கூடலூருக்கும் கொண்டுசெல்லப்பட்ட நமது மக்களோடு நோய் மட்டும்தான் பயணம் செய்தது.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. முதலாளியே அரசாங்கமான பின்னரும் தோட்டத்து ஆஸ்பத்திரி சுகாதார அமைச்சின் கீழ் வரவில்லை. அது கூட்டுத்தாபனத்தின் கணக்கிலேயே இருந்தது. ஆனாலும் மருத்துவிச்சிகள் நியமிக்கப்பட்டு, பிள்ளைக்காம்பராக்கள் திருந்தி, தடுப்பூசி ஒழுங்காகப் போகத் தொடங்கிய காலம் அது. சிசு மரணம் இறங்கியதும் அக்காலத்தில்தான். 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போயிற்று. ஆஸ்பத்திரி நடத்துவது கம்பனிக்குச் சுமையாகத் தெரிந்தது. 1990களின் நடுப்பகுதி முதல் தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. சிலவற்றைத்தான். 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது; 1872இல் வைத்திய உரித்தைப் பெற்ற மக்கள், 131 வருடங்கள் கழித்துப் பிரஜைகளானார்கள். ஒழுங்கு வழக்கமாக மறுபுறமாக இருக்கும்.

நமது ஆட்கள் போகும் நாடுகளில் இப்போது எந்த விடை நடைமுறையில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குவைத் 1999இல் வெளிநாட்டவருக்குக் கட்டாயச் சுகாதாரக் காப்புறுதியை விதித்தது. சவூதி அரேபியா அதே வருடத்துச் சட்டத்தால், வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் காப்புறுதி எடுப்பதை முதலாளியின் கடமையாக்கியது. 1872இன் விடைதான், அட்டை வடிவத்தில். வேலை போனால் வதிவிட அனுமதி போகும். அனுமதி போனால் அட்டையும் போகும். முதலாளியின் வீட்டை விட்டு ஓடிவந்த பணிப்பெண், பேர் வெட்டப்பட்டவள். புலம்பெயர் தொழிலாளர் பற்றிய 1990ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 28ஆம் உறுப்புரை, உயிர் காக்கும் அவசர வைத்தியத்தை, அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மறுக்கக்கூடாது என்கிறது. இலங்கை 1996இல் அதனை ஏற்றுக்கொண்டது. ஆட்களை வேலைக்கு எடுக்கும் வளைகுடா நாடுகளில் ஒன்றுகூட அதில் கையொப்பமிடவில்லை. இருபது இருபத்தைந்து வருடம் அங்கே உழைத்துச் சிறுநீரகமும் முதுகும் போய்த் திரும்பி வருபவர்கள், நமது கிராமத்து மத்திய மருந்தகத்தின் வாங்கில்தான் வந்து உட்காருகிறார்கள். அந்த வாங்கு, 1935இல் கேகாலைக் கிராமத்தவன் தோட்டத்து மருந்தறையைப் பார்த்துக் கேட்டதனால் வந்தது.